மெல்லிய பல்பகுதியப் படலம்: எந்த நுணுக்குக்காட்டியில் பார்ப்பது?

கொழும்பில் எங்கள் ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள், பல்பகுதியப் படலம் (பொலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருளின் மெல்லிய படை) என்றதும் முதலில் கேட்பது இலத்திரன் நுணுக்குக்காட்டியைத்தான். படம் அழகாக வரும், மறுக்கவில்லை. ஆனால் நாம் பார்க்க வேண்டியது படலம் மாறும் விதம். அங்கேதான் அது சறுக்குகிறது. படலம் மின் கடத்தாததால் வழக்கமாகத் தங்கம் பூச வேண்டும். பூசிய துண்டை மறுபடி சூடாக்கி அடுத்த கட்டத்தைப் பார்க்க வழியில்லை, போனது போனதுதான். போதாததற்கு இலத்திரன் கற்றையே பிணைப்புகளை உடைத்துவிடும். திரவ நைதரசனில் உடைத்த விளிம்பில் தடிப்பு அளக்க மட்டும் நான் அதனிடம் போவேன்.

மூலையில் தூசி படிந்து கிடக்கும் முனைவாக்க நுணுக்குக்காட்டியை யாரும் சட்டை செய்வதில்லை. குறுக்காக வைத்த இரண்டு முனைவாக்கிகளுக்கு நடுவே மாதிரியைப் பார்க்கும் ஒளி நுணுக்குக்காட்டி அது; பளிங்கு மட்டும் வெளிச்சமாகும், மற்றதெல்லாம் இருட்டு. பொலிகப்ரோலாக்டோன் என்ற பல்பகுதியம் ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் உருகும். உருக்கி 45 பாகையில் பிடித்து வைத்துப் பாருங்கள்: இருட்டுக்குள்ளிருந்து பளிங்குக் கோளங்கள் வட்டம் வட்டமாக விரியும், ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புச் சிலுவை. ஆரத்தை நேரத்தோடு அளந்தால் வளர்ச்சி வேகம் கையில். சூடாக்கும் மேடையும் கைபேசிக் கமராவும் போதும்.

குறை இல்லாமலில்லை. ஏறத்தாழ 200 நானோமீற்றரிலும் நெருங்கியவற்றை ஒளி பிரித்துக் காட்டாது. படலம் சில பத்து நானோமீற்றருக்கு மெலிந்தால் கோளங்களை ஆக்கும் பளிங்குத் தகடுகள் தட்டையாகப் படுத்துவிடும். வெளிச்சம் வராது, ஒன்றும் நடக்கவில்லை என்று ஏமாந்துபோவோம்.

சரி, அப்போது அணுவிசை நுணுக்குக்காட்டி. பின்னிக், குவேற், கேர்பர் மூவரும் 1986இல் அறிவித்த கருவி. ஊசி தட்டித் தட்டி நகர்ந்து 10 நானோமீற்றர்த் தகட்டின் படியையும் காட்டிவிடும். அதன் எதிரி நேரம். வரிக்கு ஒரு செக்கன் என்றால் 512 வரிக்கு எட்டரை நிமிடம். கடைசி வரிக்கு வருமுன் பளிங்கு வளர்ந்திருக்கும். நம் ஊர் ஈரப்பதனும் சேர்ந்துகொள்ளும்: ஊசிக்கும் படலத்துக்கும் நடுவே நீர்ப்படை ஒட்டி இழுக்கும். கரையோர ரயில் பாதைக்குப் பக்கத்தில் கட்டடம் இருந்தால், அதிர்வு தாங்கும் மேசை கட்டாயம்.

சாதாரண பொலிஸ்டைரீன் என்ற பல்பகுதியத்தின் கதை வேறு. அது பளிங்காகாது. சிலிக்கன் மேல் 100 பாகையைத் தாண்டிச் சூடாக்கினால் படலம் ஓட்டை விழுந்து, ஓட்டைகள் பெருத்துச் சேர்ந்து, கடைசியில் துளிகளாகிவிடும். தடிப்புக்கேற்ப நிறம் மாறுவதால் தெறித்து வரும் சாதாரண ஒளியே அதைக் காட்டிவிடும். முனைவாக்கியைக்கூடக் கழற்றி வைத்துவிடலாம்.