வைட்டமின் சி சீரமா, நியாசினமைடா?

ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். இந்த மூன்றும் எந்தச் சருமத்துக்கும் வேண்டும், அதில் பேச்சே இல்லை. இவை பழகியபின் நான்காவதாக ஒரு சீரம் (குறிப்பிட்ட ஒரு குறைக்காகச் சில சொட்டுகள் பூசும் செறிவான திரவம்) சேர்க்கலாமே என்று நினைக்கும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. பரு ஆறிய இடத்தில் கறுப்பு நிற்கிறது, முகத்தின் நிறம் சீராக இல்லை என்று தேடிப் போனால் கடைசியில் வைட்டமின் சி, நியாசினமைடு (வைட்டமின் பி3இன் ஒரு வடிவம்) என்ற இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்போம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பூசிப் பார்த்து, நான் நியாசினமைடு பக்கம் ஒதுங்கிவிட்டேன். அதனால் கீழே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆய்வுகளை மட்டும் வைத்துப் பேசினால் வைட்டமின் சிக்குத்தான் மவுசு. தோலை உறுதியாக வைக்கும் கொலாஜன் என்ற புரதம் உருவாக அது தேவை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமி தயாராகும் வேலையை அது மட்டுப்படுத்துகிறது. 15 சதவீத வைட்டமின் சி, 1 சதவீத வைட்டமின் ஈ கலவையோடு 0.5 சதவீத ஃபெருலிக் அமிலம் (தாவரங்களில் உள்ள ஆன்டிஆக்சிடன்ட்) சேர்த்தபோது, வெயிலிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு இரட்டிப்பானதாக 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. (அதற்காக சன்ஸ்கிரீனை விட்டுவிடக் கூடாது.) நியாசினமைடின் வழி வேறு. மெலனின் தயாராவதை அது தடுப்பதில்லை. தயாரான நிறமி மேல்தோல் செல்களுக்குக் கைமாறுவதைக் குறைக்கிறது. போய்ச் சேரும் இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அப்படியானால் ஏன் ஒதுங்கினேன்? பராமரிப்பு. இதைத்தான் சீரம் வாங்குகிறவர்கள் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆய்வுகளில் பெயர் வாங்கிய வைட்டமின் சி, எல்-அஸ்கார்பிக் அமிலம். அது தோலுக்குள் இறங்க வேண்டுமானால் சீரத்தின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய புளிப்பு அதிகம்) 3.5க்குக் கீழே இருக்க வேண்டும். அந்தப் புளிப்பே சிலருக்கு எரிச்சல். அதைப் பொறுத்துக்கொண்டாலும், காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் அதற்கு ஆகாது. தண்ணீரில் கரைந்த நிலையில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து படிப்படியாகச் சிதையும். ஒரு கட்டத்துக்கு மேல் பழைய நிலைக்குத் திரும்பாது. டிராப்பர் பாட்டிலை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதுக் காற்று உள்ளே போகிறது. முதலில் நிறம் மாறுவது பாட்டிலின் கழுத்தில், மூடி உரசும் இடத்தில் காய்ந்து நிற்கும் வளையம். பிறகு உள்ளே இருப்பது வைக்கோல் நிறம், ஆரஞ்சு, கடைசியில் பழுப்பு. நகத்தின் ஓரத்திலும் தலையணை உறையிலும் மஞ்சள் கறை ஏறும். ஃபெருலிக் அமிலம் சேர்ந்தவை வாங்கும்போதே லேசான மஞ்சளாக இருப்பதால், எப்போது கெட ஆரம்பித்தது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். பாதி பாட்டில் மீதி இருக்கும்போதே 'இது இன்னும் வேலை செய்கிறதா?' என்ற சந்தேகத்தோடு பூசுவது எனக்குச் சரிப்படவில்லை.

நிலையாக நிற்கும் வகைகளும் உண்டு: அஸ்கார்பைல் குளுக்கோசைடு, மக்னீசியம் அஸ்கார்பைல் பாஸ்பேட் போன்றவை. கெடுவது குறைவு, எரிச்சலும் குறைவு. ஆனால் தோலுக்குள் போய் அவை வைட்டமின் சியாக மாற வேண்டும். நேரடி வைட்டமின் சிக்கு இருக்கும் அளவுக்கு அவற்றுக்கு ஆதாரம் இல்லை.

நியாசினமைடுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தோலுக்கு ஒத்துப்போகும் பிஎச்சிலேயே வேலை செய்யும். வெளிச்சத்துக்கோ சூட்டுக்கோ சட்டென்று கெடாது. கடைசிச் சொட்டும் முதல் சொட்டு மாதிரியேதான் இருக்கும். பரு வரும் சருமத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு: 1995இல் வந்த ஓர் ஆய்வில், 4 சதவீத நியாசினமைடு ஜெல் 8 வாரத்தில் பருவுக்குப் பூசும் ஆன்டிபயாடிக்கான 1 சதவீத கிளிண்டாமைசின் ஜெல்லுக்கு ஈடாகப் பருவைக் குறைத்தது. தோலின் ஈரம் ஓடிவிடாமல் காக்கும் செரமைடு உற்பத்தியையும் அது கூட்டுகிறது.

ஒரு எச்சரிக்கை. 10 சதவீதம் என்று பெரிய எழுத்தில் போட்ட பாட்டிலைப் பார்த்து மயங்க வேண்டாம். நல்ல பலன் காட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதத்துக்குள்தான். எனக்கு 10 பூசினால் கன்னம் சிவக்கும், 5க்கு ஒன்றும் ஆகாது.

என்னுடையது எண்ணெய் வழியும், பருவும் வரும் முகம். வறண்ட சருமத்திலும் சுருக்கம் விழுந்த சருமத்திலும் எனக்குச் சொந்த அனுபவம் கிடையாது. வெயில் பட்டுக் களைத்த தோலும் மெல்லிய கோடுகளும்தான் கவலை என்றால் வைட்டமின் சிக்கே என் ஓட்டு. இரண்டையும் சேர்த்துப் பூசக் கூடாது என்று ஒரு பயம் சுற்றுகிறது. அதை நம்ப வேண்டியதில்லை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்தாலும் சரி. வைட்டமின் சிதான் என்று முடிவெடுத்தால், இருப்பதிலேயே சின்ன பாட்டிலாக, அடர்நிறக் கண்ணாடியிலோ காற்றுப் புகாத பம்ப்பிலோ வாங்குங்கள். திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி, ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆரஞ்சு நிறத்துக்கு வந்துவிட்டால் விலையைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.