படம் போகாமலே ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டிய ஆப்: கணக்கெடுப்பு வேலை செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மொபைல் ஆப் வைத்துக் கணக்கெடுப்பு செய்கிறவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். படங்கள் சர்வருக்குப் போகவில்லை என்று தெரிந்தால், யார் சொன்னாலும் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள், ஆப்பின் தகவலை அழிக்கும் ‘க்ளியர் டேட்டா’வைத் தொடாதீர்கள். போனில் கேபிளைச் செருகி, படங்களை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. 240க்கு மேற்பட்ட படங்களை இழந்த பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

சாலை விரிவாக்கத்துக்காக வெட்டப்போகும் மரங்களை முன்கூட்டியே கணக்கெடுத்துத் தரும் பணி அது. ஒன்பது பேர், பன்னிரண்டு நாள். மரத்துக்கு மூன்று படம்: முழு மரம், பட்டை, வெள்ளைத் தாளின் மேல் வைத்த ஓர் இலை. மரம் போன பிறகு அது அங்கே நின்றது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. அதனால் எழுத்தில் பிழை வந்தால்கூடத் திருத்திக்கொள்ளலாம், படம் மட்டும் தவறக் கூடாது என்று முதல் நாளே பேசி வைத்திருந்தோம். இந்த வேலைக்கென்று ஒரு நிறுவனத்திடம் ஆண்டுச் சந்தா கட்டி ஆப் வாங்கினோம். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே கோளாறு வேறு ஆப்களிலும் வரக்கூடியதுதான், அறிகுறியைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

வாங்கும் முன் அவர்கள் வந்து செய்து காட்டினார்கள். எங்கள் மேஜையை ஒரு படம், சுவரை ஒரு படம் எடுத்தார்கள். இரண்டும் நொடியில் சர்வரில் தெரிந்தன. “நெட் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், நெட் வந்ததும் தானாகவே சிங்க் ஆகிவிடும்” என்றார்கள். நாங்களும் நம்பினோம். அந்த மேஜையும் சுவரும்தான் எங்களை ஏமாற்றியவை என்பது பிறகுதான் புரிந்தது.

முதல் ஐந்து நாள் எந்தக் குறையும் தெரியவில்லை. மாலையில் ஒவ்வொருவரிடமும் கேட்பேன். “எல்லாம் பச்சை டிக் வந்துடுச்சுக்கா” என்பார்கள். ஆறாம் நாள் இரவு, இடைக்கால அறிக்கைக்குப் படங்களை எடுக்க உட்கார்ந்தேன். 2,312 மரங்களின் விவரம் ஒன்றுவிடாமல் இருந்தது. படங்கள் 6,936 இருக்க வேண்டும், 4,705தான் இருந்தன. 2,231 படங்களைக் காணவில்லை. ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே ‘அனுப்பப்பட்டது’ என்று பச்சையில் இருந்தது.

வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டேன். “உங்க ஏரியாவுல நெட் வீக்கா இருக்கும் மேடம், சிம் மாத்திப் பாருங்க” என்றார் எடுத்தவர். அதையும் தட்டிக்கழிக்காமல் பார்த்தோம். போன்களை எல்லாம் நல்ல வைஃபையில் இரவு முழுக்க விட்டோம். காலையில் ஒரு படம்கூடக் கூடவில்லை. எங்கள் ஆப் படங்களைச் சுருக்கித்தான் வைக்கிறது, பெரிய படமே 2 எம்பிக்குள்தான். நெட் எவ்வளவு மந்தமாக, நொடிக்கு அரை மெகாபிட் வேகத்தில் ஏறினாலும், ஒரு படத்துக்கு அரை நிமிடம்தான் ஆகும். ஓர் இரவில் ஒன்றுகூடப் போகவில்லை என்றால் நெட்டைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த முறை கூப்பிட்டபோது பேட்டரி என்றார்கள். இது பல இடங்களில் உண்மையான காரணம்தான். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், திரை அணைந்து சும்மா கிடக்கும் போனில் பின்னணி வேலைகளைச் சிஸ்டம் தள்ளிப்போடும். சில போன்கள் இன்னும் கடுமையாக, ஆப்பையே நிறுத்திவிடும். அதனால் ஒரு போனைச் சார்ஜரில் போட்டு, பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கி, ஆப்பைத் திறந்தபடியே ஒரு மணி நேரம் முன்னால் வைத்துப் பார்த்தேன். அப்போதும் போகவில்லை. சரி, இதுவும் இல்லை.

மூன்றாவது பதில்தான் எங்கள் கழுத்தை அறுத்தது. “ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டுத் திரும்பப் போடுங்க, ப்ரெஷ்ஷா சிங்க் ஆகும்.” நான் அதைக் குழுவுக்குச் சொல்வதற்குள், குழுவில் ஒரு தங்கைக்கு அவர்களே நேராகப் போன் செய்து சொல்லிவிட்டார்கள். அவர் அப்படியே செய்தார். ஆண்ட்ராய்டில் ஓர் ஆப் தனக்கென்று வைத்திருக்கும் ஃபோல்டர், ஆப்பை நீக்கினால் கூடவே போய்விடும். அதற்குள்தான் போகாத படங்கள் எல்லாம் இருந்தன. புதிதாகப் போட்ட ஆப்பைத் திறந்து என்னிடம் காட்டினார். வரிசையில் ‘நிலுவை: 0’. “சரியாயிடுச்சுக்கா” என்று சந்தோஷமாகச் சொன்னார். ஆறு நாள் வெயிலில் நடந்து எடுத்தவர் அவர். அந்தப் பூஜ்யத்துக்கு அர்த்தம் என்ன என்று அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

மற்ற எட்டு போன்களை உடனே வாங்கி வைத்தேன். கேபிளில் கணினியோடு இணைத்து, ‘ஆண்ட்ராய்டு’ என்ற ஃபோல்டருக்குள் ‘டேட்டா’ என்பதற்குள் ஆப்பின் பெயரில் இருந்த ஃபோல்டரைத் தேடினோம். ஆண்ட்ராய்டு 11 முதல் போனில் உள்ள சாதாரண ஃபைல் மேனேஜரில் இந்த இடம் பெரும்பாலும் திறக்காது, கேபிள் வழியாகப் பல போன்களில் திறக்கும். எங்களுக்கு எட்டிலும் திறந்தது. படங்களின் பெயர்கள் 13 இலக்க எண்களாக இருந்தன, எடுத்த நேரத்தை மில்லிவினாடியில் எழுதியது போல. அதே எண் சர்வரில் இருந்த பதிவின் படக் கட்டத்திலும் இருந்ததால், எந்தப் படம் எந்த மரத்துடையது என்று சேர்க்க முடிந்தது. “வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமே” என்று ஒருவர் கேட்டார். கூடாது. படமாக அனுப்பினால் அது சுருங்கும், படத்துக்குள் பதிந்த இடமும் நேரமும் அழிந்துவிடும், பெயரும் மாறிவிடும்.

காணாமல் போனவை எவை என்று பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. இலைப் படங்கள் அத்தனையும் இருந்தன. பட்டைப் படங்களில் கொஞ்சம் இல்லை. முழு மரப் படங்கள்தான் கிட்டத்தட்ட எல்லாமே இல்லை. வெள்ளைத் தாள்மேல் ஓர் இலை என்றால் படத்தில் பெரும்பகுதி வெறுமை, ஜேபெக் என்ற பட வடிவம் அதை நன்றாகச் சுருக்கிவிடும். அரை எம்பிதான் வரும். ஆயிரக்கணக்கான இலைகள் நிறைந்த கிளைகளை அப்படிச் சுருக்க முடியாது. அதே கேமரா, அதே அளவு, ஆனால் ஒன்றே முக்கால் எம்பி. எங்கள் பட்டியலில் 1 எம்பிக்கு மேற்பட்ட ஒரு படம்கூட சர்வருக்குப் போய்ச் சேரவில்லை.

சர்வர் வேலை தெரிந்த நண்பர் ஒருவர் போனின் லாகை, அதாவது ஆப் செய்தவற்றின் பதிவை, பார்த்துவிட்டு, ஒவ்வொரு பெரிய படத்துக்கும் 413 என்ற பதில் வந்திருப்பதைக் காட்டினார். நீ அனுப்பியது என் வரம்பைவிடப் பெரியது என்று சர்வர் சொல்லும் பதில் அது. பரவலாகப் பயன்படும் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளை வைத்துவிட்டு, அதில் இந்த அமைப்பை மாற்றாமல் விட்டால் வரம்பு 1 எம்பிதான். ஒரு வரி மாற்றினால் தீரும். நிறுவனம் அதை மாற்றவில்லை. வெறும் சுவரையும் மேஜையையும் எடுத்துக் காட்டினால் இந்த வரம்பு எப்படித் தெரியும்?

மறதியாக வரம்பை விட்டதைக்கூட மன்னித்துவிடலாம். அந்தப் பச்சை டிக்கைத்தான் மன்னிக்க முடியவில்லை. இந்த மாதிரி ஆப்களில் படிவத்தின் எழுத்து விவரம் சில கிலோபைட்தான், படங்கள் அதோடு இணைந்த தனிக் கோப்புகள். எழுத்து மட்டும் போய்ச் சேர்ந்ததுமே இவர்களுடைய ஆப் டிக் போட்டுவிட்டது. படத்துக்குச் சர்வர் மறுப்பு சொன்னதை அது வாங்கிக்கொண்டு, போனை வைத்திருக்கும் மனிதரிடம் மறைத்துவிட்டது. சிவப்பில் ஓர் எச்சரிக்கை முதல் நாளே வந்திருந்தால் முதல் நாளே நிறுத்தியிருப்போம்.

லாகை அனுப்பியதும் மறுநாள் ‘சர்வர் மேம்படுத்தப்பட்டது’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. எட்டு போன்களிலும் ‘மீண்டும் அனுப்பு’ கொடுத்ததும் படங்கள் மளமளவென்று ஏறின. தவறு தங்களுடையது என்று ஒரு வார்த்தை இல்லை. அழிந்த படங்களைப் பற்றிக் கேட்டதற்கு, போனில் உள்ள தகவலுக்குப் பயனரே பொறுப்பு என்ற ஒப்பந்த வரியை எடுத்துக் காட்டினார்கள். அழிக்கச் சொன்னதே அவர்கள்தான் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை, எல்லாம் போனில் பேசியது. சந்தாவையும் திருப்பித் தரவில்லை. தயவுசெய்து இப்படிப்பட்ட ஆலோசனையை மின்னஞ்சலில் எழுதி வாங்கிய பிறகே செய்யுங்கள்.

ஆப் வாங்கும் முன் நீங்களே சோதியுங்கள். விமானப் பயன்முறையில் போட்டு, அடர்ந்த செடிகொடி, சரளைக்கல், கூட்டம் என்று நுணுக்கம் நிறைந்த இருபது முப்பது படங்களை எடுங்கள். களத்தில் பயன்படுத்தப்போகும் போனிலேயே எடுங்கள். அப்புறம் நெட்டை இயக்கி, பாதியில் ஒருமுறை அறுத்து, மறுபடி இயக்குங்கள். டிக்கைப் பார்க்காமல் சர்வரில் போய்ப் படங்களை எண்ணுங்கள், இரண்டு மூன்றைத் திறந்தும் பாருங்கள். வர வேண்டிய படங்கள் எத்தனை, வந்தவை எத்தனை என்று தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். இது பேராசை இல்லை. களத் தரவைச் சேகரிக்கும் திறந்த மூல மென்பொருளான ஓடிகே சென்ட்ரலில் தரவை இறக்கினால் ஒவ்வொரு பதிவுக்கும் இந்த இரண்டு எண்களும் தனித்தனிக் கட்டங்களாகவே வருகின்றன. வேலை தொடங்கிய பிறகு இந்த எண்ணிக்கையைத் தினமும் மாலையில் பாருங்கள். நான் ஆறாம் நாள் பார்த்தேன்.

அந்தத் தங்கை திரும்ப நடந்தார், நானும் கூடப் போனேன். நான்கு நாள் ஆனது. 11 மரங்களின் இடத்தில் அடிக்கட்டைதான் இருந்தது. அறிக்கையில் அவற்றின் இலைப் படம் இருக்கிறது, பட்டைப் படமும் இருக்கிறது. முழு மரம் என்ற கட்டத்தில் ‘படம் இல்லை’ என்று எழுதி அனுப்பினோம்.