ஒன்பது வார ஓட்டத் திட்டம், பதின்மூன்று வாரத்தில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒன்பது வாரத் திட்டம், எனக்குப் பதின்மூன்று வாரம் ஆனது, அப்படியும் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை எங்கே குறைந்தது என்று கடைசியில் சொல்கிறேன்.

திட்டத்தின் பெயர் கவுச் டு 5கே. சோபாவிலேயே உட்கார்ந்திருக்கும் ஆளை 5 கிலோமீட்டர் ஓட வைப்பது என்று அர்த்தம். ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996-ல் எழுதியது. ஐம்பது வயதைத் தாண்டிய தன் அம்மாவையும் மனதில் வைத்துத்தான் எழுதினாராம், அதைப் படித்த பிறகுதான் எனக்கு இதன்மேல் நம்பிக்கையே வந்தது. ஏனென்றால் அதற்கு முன்னால் நான் பார்த்த அட்டவணைகள் எல்லாம் "முதல் நாள் 2 கிலோமீட்டர் மெதுவாக ஓடவும்" என்றுதான் ஆரம்பித்தன. எனக்கு 43 வயது, காந்திபுரத்தில் அலுவலகம், காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறு வரை நாற்காலி. பள்ளிக்கூடத்தில் ஓடியதோடு சரி. 2 கிலோமீட்டர் ஓட முடிகிற ஆளாக இருந்தால் எனக்கு எதற்கு அட்டவணை?

இதில் முதல் வாரம் எப்படி என்றால், ஐந்து நிமிடம் வேகமாக நடக்க வேண்டும், அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, இப்படி மாற்றி மாற்றி இருபது நிமிடம். கூட்டிப் பார்த்தால் மொத்தமே எட்டு நிமிடம்தான் ஓட்டம். வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் கட்டாயம் ஒரு நாள் ஓய்வு. இரண்டாம் வாரம் ஒன்றரை நிமிட ஓட்டம், மூன்றாம் வாரம் மூன்று நிமிடம், நான்காம் வாரம் ஐந்து நிமிடம் என்று ஏறிக்கொண்டே போகும். கடைசி வாரத்தில் நிற்காமல் முப்பது நிமிடம். காசு எதுவும் கிடையாது. அட்டவணை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ஸும் இதே முறையை மக்களுக்கு இலவசமாகத்தான் தருகிறது. நான் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன்.

ஓடியது கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸில். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர், நடப்பதற்குத் தனிப் பாதை, தலைக்கு மேல் பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். ஐந்தே காலுக்கெல்லாம் கூட்டம் வந்துவிடும் என்பதால் பெண்கள் தனியாக வருவதற்கும் பயமில்லை. முதல் வாரம் எனக்கு இருந்த ஒரே கூச்சம் இந்த ஓடுவதும் நிற்பதும்தான். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர் ஒருவர், எழுபதுக்கு மேல் இருக்கும், மூன்றாவது நாளே கேட்டுவிட்டார்: "ஏனுங்க அம்மிணி, உடம்பு சரியில்லீங்களா, நின்னு நின்னு ஓடறீங்க?" நான் திட்டத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சரிதானுங்க, மாட்டையும் அப்படித்தான் பழக்குவாங்க" என்றார். அதற்குப் பிறகு தினமும் எத்தனையாவது வாரம் என்று கேட்பார்.

அவர் சொன்ன ஒப்புமை ரொம்பச் சரி. மூச்சும் இதயமும் இரண்டு மூன்று வாரத்திலேயே பழகிவிடுகின்றன. எலும்புக்கும் தசைநாருக்கும் அதைவிட அதிக நாள் வேண்டும். "மூச்சு வாங்கவில்லையே, இன்னும் கொஞ்சம் ஓடலாமே" என்று தோன்றும் அந்த இடத்தில்தான் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி பிடிக்கும். எனக்கும் நான்காம் வாரம் பிடித்தது. காரணம் திட்டம் இல்லை, பாட்டு.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓட ஆரம்பிக்கிற எல்லோரும் செய்வது இதுதான். நாடி நரம்பெல்லாம் முறுக்கேறுகிற குத்துப் பாட்டாகப் பார்த்து இருபது சேர்த்து வைத்திருந்தேன். அடி விழ ஆரம்பித்ததும் கால் தானாக அந்த வேகத்துக்குப் போகும். முதல் இரண்டு நிமிடம் பறக்கிற மாதிரி இருக்கும், நாலாவது நிமிடம் நெஞ்சு அடைக்கும். பாட்டு என்னைத் தூக்கிவிடவில்லை, இழுத்துக்கொண்டு போனது.

கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் இதைச் சரி செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு முன்னால் தெருவில் என்னை என் இயல்பான மெதுவேகத்தில் ஓடச் சொல்லி, பதினைந்து நொடிக்கு எத்தனை அடி வைக்கிறேன் என்று எண்ணினாள். 38. நாலால் பெருக்கினால் நிமிடத்துக்கு 152. அப்புறம் பாட்டுகளைப் போட்டு, சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டித் தட்டி ஒவ்வொன்றுக்கும் அதே கணக்கு. நான் வைத்திருந்த பாட்டுகளில் பாதிக்கு மேல் 170, 175. அந்த வேகத்துக்கு என் கால் ஓடப் பார்த்தால் எலும்பு வலிக்காமல் என்ன செய்யும்?

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. நிமிடத்துக்கு 75, 76 தட்டு வருகிற மெலடிப் பாட்டுகள் இருக்கின்றன இல்லையா, அவை அருமையாகப் பொருந்துகின்றன, ஒரு தட்டுக்கு இரண்டு அடி என்று கால் விழுகிறது. வேகமும் கூடாது, மூச்சும் நிதானமாக இருக்கும். குத்துப் பாட்டு வேண்டும் என்றால் தகிட தகிட என்று மூன்று மூன்றாகப் போகிற நடையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தகிடவின் முதல் தட்டுக்கும் ஒரு கால், முதல் தகிடவுக்கு இடது, அடுத்ததற்கு வலது. கால் தடுமாறாது, உற்சாகமும் குறையாது. நடைக்கு 110 முதல் 115 வரை உள்ள பாட்டுகளைத் தனியாக வைத்தோம்.

பாட்டு உண்மையிலேயே உதவுமா, மனப்பிரமையா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். லண்டன் புரூனெல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் காராஜார்ஜிஸ் என்பவர் பல வருடமாக இதையே ஆராய்ந்திருக்கிறார். மிதமான உழைப்பில் பாட்டு களைப்பைக் குறைத்துக் காட்டும், உச்ச வேகத்தில் உடம்பு போடும் சத்தம் பாட்டை அமுக்கிவிடும் என்பது அதன் சாரம். என் அனுபவமும் அப்படியே. பெரிய ஓட்டக்காரர்களுக்கும் இது உண்டு. எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி 1998-ல் பர்மிங்ஹாமில் உள்ளரங்கு 2000 மீட்டரில் உலக சாதனை படைத்தபோது, தன் கால் வேகத்துக்குப் பொருந்துகிற ஒரு பாட்டை அரங்கத்தில் போடச் சொல்லித்தான் ஓடினார்.

செயலிகளைப் பற்றி. எப்போது ஓட வேண்டும், எப்போது நடக்க வேண்டும் என்று குரல் கொடுக்கும் செயலிகள் நிறைய இருக்கின்றன. நான் போட்டுப் பார்த்தது ஒவ்வொரு முறை குரல் வரும்போதும் பாட்டை நிறுத்திவிட்டது, திரும்ப ஆரம்பிக்க நான் ஃபோனைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது. பாட்டுச் செயலியின் இலவசப் பதிப்போ, சரணம் உச்சத்துக்குப் போகிற நேரத்தில் பாட்டை வெட்டிவிட்டு வீட்டு மனை விளம்பரம் போட்டது. கால் அப்படியே தாளம் தப்பிப் போகும். இரண்டையும் நீக்கிவிட்டேன். அதற்குப் பதிலாக மகள், காசு கொடுத்து இறக்கிய பாட்டுகளை வைத்து ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரே கோப்பாகச் செய்து கொடுத்தாள். முதல் ஐந்து நிமிடம் நடைப் பாட்டு, அப்புறம் ஓட்டப் பாட்டு, நடுவே சரியான நொடியில் அவள் குரல்: "அம்மா, இப்ப ஓடு." "அம்மா, நட." "இன்னும் ஒரு நிமிஷம்தான்மா." விடியாத இருட்டில் மரத்தடியில் அந்தக் குரல் காதுக்குள் வருவதற்கு எந்தச் செயலியும் ஈடாகாது. இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒரு கோப்புக்கு அரை மணி நேர வேலை என்றாள். வீட்டில் யாராவது இருந்தால் கட்டாயம் செய்து தரச் சொல்லுங்கள்.

இயர்ஃபோன் விஷயத்தில் ஒன்று மட்டும். கம்பியில்லாத, காதுத் துளைக்குள் செருகுகிற வகை ஒன்று வாங்கினேன், வியர்வையில் வழுக்கி மூன்று முறை கீழே விழுந்தது, மூன்றாவது முறை சாக்கடை மூடியின் கம்பி இடுக்கில் போயே போய்விட்டது. இப்போது காதுக்கு மேல் கொக்கி மாட்டுகிற சாதாரண வகை, ஒரு காதில் மட்டும். பாதையைக் கடக்க வேண்டிய இடங்களில் வண்டி வருவது கேட்க வேண்டும், அதில் சமரசமே வேண்டாம்.

ஐந்தாம் வாரத்துக்கு வருகிறேன், இந்தத் திட்டத்தை விட்டுவிடலாமா என்று மனசு ஆடுகிற வாரம் அது. முதல் நாள் ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று ஓட்டம், இரண்டாம் நாள் எட்டு எட்டு நிமிடமாக இரண்டு. மூன்றாம் நாள், நடையே இல்லாமல் இருபது நிமிடம். தாளில் பார்க்கும்போதே வயிற்றைக் கலக்கும். முதல் தடவை பதினொரு நிமிடத்தில் நின்றுவிட்டேன், அடுத்த வாரம் பதினாறு. மூன்றாவது தடவை கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பாட்டுக் கணக்கில் போனேன். நம் சினிமாப் பாட்டு ஒன்று நாலரை நிமிடம் என்று வைத்தால் நாலு பாட்டு, அப்புறம் ஐந்தாவது பாட்டில் பல்லவி முடிந்து முதல் சரணம் வரை. பல்லவியில் தோளைத் தளர்த்துவது, இடையிசையில் மூச்சைச் சரி செய்வது, சரணத்தில் அடுத்த மரத்தைப் பார்த்து ஓடுவது, இவ்வளவுதான் யோசித்தேன். நாலாவது பாட்டு முடிந்தபோது பெரியவர் எதிரே வந்தார், நான் நிற்கவில்லை, அவரும் பேசவில்லை, கையை மட்டும் தூக்கினார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தாளில் அந்தக் கட்டத்தை அடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதனால் யாராவது ஆரம்பித்தால் இரண்டே இரண்டு சொல்வேன். ஒரு வாரம் முடியவில்லை என்றால் அதையே திரும்பச் செய்யுங்கள். நான் நான்காம் வாரத்தை இரண்டு முறையும் ஐந்தாம் வாரத்தை மூன்று முறையும் செய்தேன், நடுவில் காய்ச்சலில் ஒரு வாரம் போனது, அப்படித்தான் பதின்மூன்று. இன்னொன்று, ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம், பக்கத்தில் நடப்பவர் உங்களைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை, குறையுங்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ நெஞ்சு வலியோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

இப்போது அந்த அரை மதிப்பெண். பெயரில் 5 கிலோமீட்டர் இருக்கிறது, ஆனால் திட்டம் முடிவது முப்பது நிமிடத்தில். முப்பது நிமிடத்தில் 5 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம். நாற்பது வயதில் முதல்முறை ஓடும் பெரும்பாலோருக்கு அது கிடைக்காது. எனக்கு முப்பது நிமிடத்தில் மூன்றரை கிலோமீட்டர் சொச்சம்தான் வந்தது. இதற்குப் பிறகு எப்படி ஏற்றுவது என்று ஒரு வரி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டு போனாலே போதும் என்று நானாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நான் அதற்கும் காத்திருக்கவில்லை. பதின்மூன்றாம் வாரம் கடைசி நாள், முப்பது நிமிடம் ஆனதும் வழக்கம்போல மகள் குரல், "அம்மா, போதும், நட" என்றது. அப்போது இரண்டாவது சுற்றில் பாதிக்குப் பக்கத்தில் இருந்தேன், கால் நன்றாக இருந்தது, ஓடிக்கொண்டே இருந்தேன். நடைப் பாட்டு ஐந்து நிமிடம் ஓடி முடிந்தது. கோப்பும் தீர்ந்துவிட்டது. கடைசி ஆறு நிமிடம் காதில் எதுவும் இல்லை, காலடிச் சத்தமும் மரத்தில் காக்கைச் சத்தமும்தான். தொடங்கிய இடத்துக்கு வந்து நின்றபோது 41 நிமிடம். அன்று சாயங்காலமே மகளிடம் 45 நிமிடத்துக்கு ஒன்று செய்து தரச் சொல்லிவிட்டேன்.