கீழமாசி வீதி வெட்பாலைத் தைலம்: செதிலுக்கு நல்லது, வெள்ளைத் துணிக்கு ஆகாது

எனக்குத் தையல் வேலை. முழங்கை இரண்டிலும் சொரியாசிஸ். மேசையில் கை உரச உரசச் செதில் உதிரும். யாரோ தைக்கக் கொடுத்த கறுப்பு ரவிக்கைத் துணியில் அது வெள்ளை வெள்ளையாய் விழுந்தால் எப்படி இருக்கும்? தோல் டாக்டர் எழுதித் தந்த களிம்பு ஒரு பக்கம் இருக்க, அவரிடம் கேட்டுக்கொண்டுதான் மதுரை கீழமாசி வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் இந்தத் தைலம் வாங்கினேன். 100 மில்லி 180 ரூபாய்.

கடைக்காரரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "இது போட்டா சரியாயிடுமாண்ணே?" என்று கேட்டேன். "அடங்கும்மா, ஆனா திரும்ப வரும். டாக்டர் களிம்பைத் திடீர்னு நிறுத்திறாதீங்க" என்றார். விற்கிறவர் வாயிலிருந்து இப்படி வருவது அபூர்வம். வேறொரு கடையில் 'வேரோடு போகும்' என்று ஒட்டிய பாட்டிலைப் பார்த்துவிட்டு வந்தவள் நான்.

வெட்பாலை இலையை இரும்பு படாமல் கையால் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு, கண்ணாடி ஜாடியில் வெயிலில் வைப்பார்கள். சில நாளில் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துவிடும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்: நடுவில் அடர்ந்த ஊதா, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு, அடியில் துளி வண்டல். நிறம் வருவதில் மாயம் ஏதும் இல்லை. அவுரியைப் போல இதுவும் சாயம் தரும் இலைதான். அந்தச் சாயத்தோடு வரும் இண்டிரூபின் என்ற பொருளைத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் கவனிக்கிறார்கள். தைவானில், நீலச் சாயச் செடிகளின் இலையிலிருந்து எடுத்த பொடியைக் களிம்பாக்கிச் சொரியாசிஸ்காரர்களுக்குப் பூசிச் சோதித்திருக்கிறார்கள், பலன் தெரிந்திருக்கிறது. அது வேறு செடி, வேறு தயாரிப்பு. அதை வைத்து இந்தப் பாட்டிலுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது.

என் கையில் என்ன நடந்தது? ராத்திரி பூசிக் காலையில் குளித்தால் செதில் ஊறிக் கழன்று வருகிறது. அரிப்பு நன்றாகவே குறைந்தது. சிவப்பும் தடிப்பும் அவ்வளவாகக் குறையவில்லை; அதற்குக் களிம்புதான் வேலை செய்கிறது. செதில் இளகுவதில் பாதிப் பெருமை தேங்காயெண்ணெயுடையது என்பது என் சந்தேகம். வெடித்து ரத்தம் கசியும் இடத்தில் நான் பூசுவதில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் ஒரு சின்ன இடத்தில் தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் பூசுங்கள்.

குறை என்றால் கறைதான். தலையணை உறை, நைட்டியின் கை எல்லாம் ஊதா. சோப்புக்கு அசையவில்லை. பகலில் பூசிக்கொண்டு மெஷினில் உட்காரவே முடியாது. பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு படுக்கிறேன். பாட்டில் மூடியும் சரியில்லை, பையில் சாய்ந்தால் கசிகிறது. அடுத்த தடவை இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலை நானே கொண்டுபோகப் போகிறேன். ஊற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.