ஹோண்டா ஜிஎக்ஸ்200: பழைய ஸ்னோ ப்ளோவரின் ஃபிரிக்‌ஷன் டிரைவுக்கு ஒத்துவருமா?

அமெரிக்க எஞ்சின் நிறுவனமான டெக்கம்சே 2008-ல் எஞ்சின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அந்த எஞ்சின் பூட்டி வந்த, பனியை அள்ளி வீசும் ஸ்னோ ப்ளோவர் வண்டிகளின் இரும்புக் கட்டுமானமோ இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அவற்றுக்கு மாற்றாக ஜிஎக்ஸ்200 அருமையான எஞ்சின். ஆனால் வாங்குமுன் குதிரைத்திறனைப் பார்க்காதீர்கள். பழைய எஞ்சினில் எத்தனை ஷாஃப்ட் வெளியே வருகிறது என்று பாருங்கள்.

ஒரே ஷாஃப்ட் என்றால் பாதி வேலை முடிந்தது. புல்லிப் பக்கமிருந்து பார்த்தால் ஜிஎக்ஸ்200 இடஞ்சுழியாகச் சுற்றும்; பழையவற்றில் பெரும்பாலானவையும் அப்படித்தான். ஜிஎக்ஸ்200-ன் க்யூ என்ற வகையில் ஷாஃப்ட் விட்டம் முக்கால் அங்குலம், புல்லியை ஷாஃப்டோடு பூட்டும் கீ 3/16 அங்குலம். பழைய புல்லியின் துளை 1 அங்குலமாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் ஸ்லீவ் போட வேண்டும். அங்கே கீ பள்ளம் கால் அங்குலம் என்பதால், இரண்டு அளவையும் இணைக்கும் படிக்கட்டு கீ அவசியம். சாதாரண கீயைத் தகடு வைத்து இறுக்கினால் சில மணி நேரத்தில் பள்ளம் அகன்றுவிடும். ஷாஃப்ட் நீளம் சுமார் 62 மி.மீ.; ஆகரை (பனியை அள்ளும் திருகு) ஓட்டும் புல்லியும் சக்கரங்களை ஓட்டும் டிரைவ் புல்லியும் அதற்குள் அடங்குமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். அடிப்பகுதியிலிருந்து ஷாஃப்ட் மையம் 106 மி.மீ. பழைய எஞ்சினில் இது கூடுதலாக இருந்தால், அந்த வித்தியாசத்துக்கு அடியில் இரும்புத் தகடு கொடுங்கள். வாஷர்களை அடுக்கினால் அதிர்வில் தளரும்.

இரண்டு ஷாஃப்ட் இருந்தால்தான் சிக்கல். இரண்டாவது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் நீட்சி. எஞ்சினின் முதன்மை ஷாஃப்டான கிராங்க் நிமிடத்துக்கு 3600 முறை சுற்றும்போது அது 1800 முறை சுற்றும், அதுவும் எதிர்த்திசையில். டிரைவ் பெல்ட் அதிலிருந்துதான் போகும். புது எஞ்சினில் அந்த ஷாஃப்ட் கிடையாது. வேகத்தைச் சரிசெய்யப் புல்லி விட்டத்தைப் பாதியாக்கினால் போதும்: அங்கே 4 அங்குலம் இருந்தால் கிராங்கில் 2 அங்குலம். அவ்வளவு சிறிய புல்லியில் தடித்த பெல்ட் சூடேறி வழுக்கும். பல் வெட்டிய பெல்ட் நன்றாக வளையும்.

திசைக்கு அப்படி எளிய வழியில்லை. ஃபிரிக்‌ஷன் டிரைவில் பெல்ட் ஒரு தட்டைச் சுற்றும்; அதில் உரசும் ரப்பர் சக்கரம் வண்டியை நகர்த்தும். தட்டு எதிர்ப்பக்கம் சுற்றுவதால் முன்னோக்கிய கியர்களெல்லாம் பின்னோக்கியாகிவிடும். ரப்பர் சக்கரம் தட்டின் மையத்தைத் தாண்டி மறுபக்கம் போகும்போதுதான் ரிவர்ஸ் கிடைக்கிறது. அந்தப் பக்கத்தில் பொதுவாக ஒன்றிரண்டு வேகங்களுக்கே இடம். ஆக, முன்னால் போக அந்த ஒன்றிரண்டு வேகமே மிஞ்சும்; வண்டி வேகமாகப் பின்னால் வந்து ஓட்டுபவர் மேலேயே ஏறும். பெல்ட்டை எட்டு வடிவில் குறுக்கே போடுவது, இவ்வளவு குறைந்த இடைவெளியில் பெல்ட்டே பெல்ட்டை உரசித் தின்றுவிடும் வேலை. இருபுறமும் வி வடிவம் கொண்ட பெல்ட்டை ஐட்லர் எனும் இடைப் புல்லி வழியாகச் சுற்றி, அதன் முதுகால் தட்டின் புல்லியை ஓட்டலாம். அதற்கு இடமில்லாத வண்டிக்கு இந்த எஞ்சினை வாங்க வேண்டாம்.

சக்தி எப்படி? 196 சிசி, 3600 சுற்றில் 5.5 குதிரைத்திறன், 2500 சுற்றில் 12.4 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. நடுத்தர அகல வண்டிக்குத் தாராளம். இதைவிடப் பெரியது போட்டாலும் சக்கரம் வேகமாக இழுக்காது. ரப்பரும் தட்டும் பிடிக்கும் அளவுதான் எல்லை, அதற்கு மேல் வழுக்கல். எனவே எஞ்சினை இறக்கியிருக்கும்போதே ரப்பர் தேய்ந்து உலோக விளிம்பை நெருங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். உலோகம் உரசினால் தட்டில் கோடு விழும். தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது, பிரேக் கிளீனரால் துடையுங்கள். ரப்பர் சக்கரம் நகரும் அறுகோண ஷாஃப்டுக்கு மெல்லிய கிரீஸ் பூச்சே போதும், அதிகமானால் ரப்பரில் தெறிக்கும்.

குறை என்று சொன்னால், இது பனிக்கென்றே செய்த மாடல் அல்ல. தூள்பனி ஏர் ஃபில்டரில் ஒட்டி உறைந்தால் எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும். சைலன்சர் சூட்டைக் கார்புரேட்டர் பக்கம் திருப்பும் தகர மறைப்பு ஒன்று செய்துகொள்வது நல்லது. பெட்ரோல் டேங்கை மட்டும் அந்தச் சூடு தொடக் கூடாது. பனியை வெளியே வீசும் குழாயைத் திருப்பும் கம்பி டேங்கில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

எண்ணெய் 0.6 லிட்டர் பிடிக்கும். முதல் 20 மணி நேரத்தில் மாற்றிவிடுங்கள். ஓட்டுமுன் கடைசிச் சோதனை: எஞ்சின் ஓடும்போது ஆகர் கைப்பிடியை விட்டால் ஆகர் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் புது உயரத்துக்குப் பழைய பெல்ட் குட்டை. ஒரு அளவு நீளமானதைப் போடாமல் பனியில் இறங்காதீர்கள்.