மூலிகைத் தயிர்: உறை ஊற்றும் முன்பா, பின்பா?

தயிரில் மணமுள்ள இலைகளைச் சேர்ப்பது பற்றிப் பேச்சு வந்தால், புதினா நல்லதா, கற்பூரவல்லி நல்லதா என்றுதான் கேட்கிறார்கள். எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று கேட்பவர் குறைவு. உண்மையில் தயிரின் கட்டி, மணம், அதில் உயிரோடு இருக்கும் நுண்ணுயிர்கள் எல்லாவற்றையும் பெரிதும் மாற்றுவது அந்தக் கேள்விதான்.

முதல் வழி, பாலிலேயே இலையைப் போட்டு, வடித்து, பிறகு உறை ஊற்றுவது. இலையோடு ஒட்டிவரும் கிருமிகள் பாலின் சூட்டில் பெரும்பாலும் அழிந்துவிடும். மணப்பொருள்கள் கொழுப்பில் எளிதில் கரைபவை. ஆகவே கொழுப்புள்ள பாலில் மணம் நன்றாக இறங்கித் தயிர் முழுவதும் சீராகப் பரவும். ஆனால் அவை ஆவியோடு பறப்பவையும்கூட. இலையைப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டால் சமையலறைதான் மணக்கும், தயிர் மணக்காது. பால் பொங்கியதும் அடுப்பை அணைத்து, இலையைப் போட்டு, மூடிவைத்து வடிப்பதே சரி.

இந்த வழியின் பெரிய சிக்கல் உறைமோரில் இருக்கிறது. கற்பூரவல்லியின் காரமான மணத்துக்குக் காரணமான கார்வக்ரால், தைமால் என்ற மணப்பொருள்கள் நுண்ணுயிரின் மேலுறையைச் சிதைப்பவை. கெட்ட கிருமி, நல்ல கிருமி என்று அவை பிரித்துப் பார்ப்பதில்லை. யோகர்ட்டை உறையவைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ் என்ற இரண்டு நுண்ணுயிர்களையும் அவை அடக்கக்கூடும். வீட்டு உறைமோரில் உள்ளவற்றுக்கும் இதே கதிதான். சாறு அதிகமானால் தயிர் தாமதமாகத் தோயும், தளர்வாகவும் நிற்கும். புளிப்பு ஏறத் தாமதமாகும் அந்த நேரத்தில் வேண்டாத கிருமிகளுக்கு இடம் கிடைத்துவிடும். நன்மைக்காகச் சேர்த்த இலை, தயிரின் முதல் நன்மையையே குறைப்பது எனக்கு ஏற்பில்லை. புதினா இந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை.

இரண்டாவது வழி, தோய்ந்த தயிரில் கலப்பது. நுண்ணுயிர்கள் தம் வேலையை முடித்துவிட்டதால் தோய்வதில் தடை இல்லை. மணமும் பச்சையாக, கூர்மையாக இருக்கும். தொல்லை வேறிடத்தில் வருகிறது. அரைத்த இலையின் நீர் தயிரை இளக்கிவிடும். இலையில் உள்ள ஈஸ்டும் பூஞ்சையும் தயிரின் புளிப்பைத் தாங்கி வளரும். நன்றாகக் கழுவி, கொதிநீரில் சில விநாடிகள் முக்கி எடுத்து, ஈரம் போகத் துடைத்து, பொடியாக நறுக்கிச் சேர்த்தால் இரண்டும் குறையும். இலையைக் கறுக்கவைக்கும் நொதியும் அந்தச் சூட்டில் அடங்கும். ஆனாலும் பச்சை நிறம் நெடுநேரம் நிற்காது. தயிரின் அமிலம் பச்சையத்திலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றிப் பழுப்புப் பச்சையாக்கிவிடும். அது கெட்டுப்போனதன் அறிகுறி அன்று.

ஈரானின் மாஸ்த்-ஓ-கியார், துருக்கியின் ஜாஜிக் என்ற வெள்ளரித் தயிர் உணவுகளில் உலர்ந்த புதினாவைத் தூவும் பழக்கம் உண்டு. அது தயிரை இளக்காது. நிழலில் உலர்த்திய புதினாவை உள்ளங்கையில் கசக்கித் தூவிப் பாருங்கள்; வீட்டுக்கு என் முதல் தேர்வு அதுதான்.

கறிவேப்பிலைக்கு இந்த இரண்டு வழியும் அரைகுறைதான். அதன் மணமும் கார்பசோல் வகைச் சேர்மங்களும் எண்ணெயை நாடுபவை. நீர்மோரில் கிள்ளிப் போட்ட இலையைக் கடைசியில் ஒதுக்கிவைத்துவிடுகிறோம். இலையில் உள்ளதில் பெரும்பகுதி இலையோடே போய்விடுகிறது. நம் தாளிப்புதான் இதற்கான சரியான முறை. தாளித்ததைச் சற்று ஆறவிட்டுத் தயிரில் சேர்த்து, இலையையும் மென்று தின்ன வேண்டும். கடையில் கிடைக்கும் செறிவான மூலிகை எண்ணெய்களை வீட்டில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு துளி கூடினாலே நாக்கு மரத்துவிடும். அது தயிரில் சீராகக் கலப்பதும் இல்லை.

ஜப்பான் 1991-இல் உடல்நலப் பயன் கூறும் உணவுகளுக்கென்று அரசு அனுமதி முறையைக் கொண்டுவந்தது. ஆதாரம் காட்டினால்தான் அங்கே அந்த முத்திரை கிடைக்கும். நம் மூலிகைத் தயிரையும் அந்தக் கண்டிப்போடுதான் பார்க்க வேண்டும். சோதனைக்குழாயில் இலைச்சாறு காட்டும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத்திறன், ஒரு கிண்ணத் தயிரில் இருக்கும் ஒரு பிடி இலையால் உடலிலும் அப்படியே நிகழும் என்று சொல்ல முடியாது. அந்தத் திறனைத் தரும் பாலிஃபீனால் என்ற இலைச் சேர்மங்களைப் பாலின் கேசீன் புரதம் பற்றிக்கொள்வதும் உண்டு. நான் உறுதியாக நம்பும் பயன் எளிமையானது: இலையின் மணம் இருந்தால் உப்பு குறைவாகப் போதும், சர்க்கரை சேர்த்த பழத்தயிர் தேவைப்படாது.

விற்பனைக்குச் செய்யும் சிறு பால் பண்ணைக்காரருக்கு என் பதில் மாறும். தயிர் சில நாட்கள் கடையில் இருக்க வேண்டும் என்பதால் பச்சை இலையைக் கலப்பது ஆபத்து. அவர்கள் புதினாவைப் பாலில் ஊறவைத்து வடித்து உறை ஊற்றட்டும். தோயும் நேரத்தை வெறும் பாலோடு ஒப்பிட்டு, தாமதமானால் இலையின் அளவைக் குறைக்கட்டும். கற்பூரவல்லியை உறை ஊற்றும் பாலில் சேர்க்கவே வேண்டாம். அதன் இடம் அன்றே கடைந்து அன்றே குடிக்கும் மோர்.