எருமைப்பால் மொசரெல்லாவா, பசும்பால் மொசரெல்லாவா?

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சா கடைகள் பலவற்றில், தக்காளியும் மொசரெல்லா சீஸும் போட்ட மார்கரீட்டா பீட்சாவுக்கு இரண்டு விலை உண்டு. குறைந்த விலையில் வருவது பசும்பால் மொசரெல்லா. அங்கே அதற்கு ஃபியோர் தி லாட்டே என்று பெயர். எருமைப்பால் மொசரெல்லா வேண்டுமானால் கூடக் கொடுக்க வேண்டும். பீட்சாவுக்கு என்றால் நான் விலை குறைந்ததைத்தான் கேட்பேன்.

செய்முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். திரைந்த பாலைக் கொஞ்சம் புளிக்கவிட்டு, நல்ல கொதிநீர் ஊற்றி, இழுத்து இழுத்துப் பிசைகிறார்கள். மாவு போலப் பளபளப்பாக நீண்டு வரும்போது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நெருக்கி உருண்டையாகத் துண்டித்து எடுப்பார்கள். துண்டிப்பதற்கு இத்தாலியச் சொல் 'மொட்சாரே'. சீஸின் பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

வித்தியாசமெல்லாம் பாலில் இருக்கிறது. பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். எருமைப்பாலில் 7, 8 வரை போகும். எருமைத் தயிர் சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நேப்பிள்ஸ் இருக்கும் கம்பானியா பகுதியின் எருமைப்பால் மொசரெல்லாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1996-இல் தோற்றப் பெயர்ப் பாதுகாப்பு கொடுத்தது; அதாவது, குறித்த இடத்தில் செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர். அதை வெட்டிப் பாருங்கள்: மெல்லிய தோல், உள்ளே அடுக்கடுக்கான சதை, கத்தி பட்ட இடத்தில் பால் கசியும். வெள்ளை வெளேரென்று இருக்கும். லேசான புளிப்பும் உப்பும் நாக்கில் நிற்கும்.

அந்த ஈரம்தான் அடுப்பில் வினையாகிறது. விறகடுப்பில் 430 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சா வெந்துவிடும். கசிந்த நீர் வற்ற நேரமே இல்லை, நடுப்பகுதி குளமாகிவிடும். அதனால் வடியவைத்துப் போடுவார்கள், அல்லது வெந்த பிறகு மேலே வைப்பார்கள். ஃபியோர் தி லாட்டேயில் இந்தத் தொல்லை குறைவு. கீற்றாக நறுக்கி வடியவிட்டால் ஒரே சீராக உருகும், தக்காளியின் சுவையையும் அமுக்காது. வீட்டு அவனில் நேரம் கூடப் பிடிக்கும். அங்கேயும் இதுதான் நல்லது.

சமைக்காமல் சாப்பிட எருமைதான், எனக்கு இதில் இரண்டாவது எண்ணமே இல்லை. காப்ரேசே சாலட்டுக்குத் தக்காளி, துளசி இனத்து பேசில், ஆலிவ் எண்ணெய் போதும்.

அப்புறம் புர்ராட்டா. மொசரெல்லாப் பைக்குள் க்ரீமும் சீஸ் இழைகளும் நிரப்பிய, தெற்கு இத்தாலியின் புலியா பகுதிச் சரக்கு. ருசிதான், ஆனால் க்ரீம்தான் முன்னால் நிற்கும்.

எதை வாங்கினாலும் அது மிதந்து வந்த நீரிலேயே வையுங்கள். குளிரோடு சாப்பிட்டால் ருசி தெரியாது. அரை மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள்.